எந்தப் பக்கத்து ரத்தம்

பிப்ரவரி 11

அவருடைய தங்கைக்கு,

ஹாரன் என்று தொடங்கத்தான் கை போனது. குழந்தையில் நீ அழுத அழுகைக்கு உன் அண்ணன் வைத்த பெயர் அது. கடைசியில் நீ பஸ் டிரைவராகவே ஆனதும், "பேரு வச்ச நேரம் பாத்தியா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் இப்படி எழுதுகிறேன்.

என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் உன் டெப்போ முகவரிக்கு இந்தக் கடிதம். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

வேலைக்குப் போன இடத்தில் உன் அண்ணன் லிஃப்ட் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார், நடுவில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிரேதப் பரிசோதனையின்போது இதயத்திலிருந்து ஒரு துண்டையும் கொஞ்சம் ரத்தத்தையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் முடிவு இப்போது வந்திருக்கிறது. அது மாரடைப்பு இல்லையாம். அவருடைய இதயத்தின் தசை தேவைக்கு மேல் தடித்துப் போயிருந்திருக்கிறது. அப்படித் தடித்த தசையில் சில நேரம் துடிப்பு தாறுமாறாகிவிடுமாம். அவருக்கு அன்று அப்படி ஆகியிருக்கிறது.

இது பிறக்கும்போதே கூட வருவது என்றார் டாக்டர். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. பெற்றவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த பிள்ளைக்கு வராமல் போகாது. இருக்கும், ஆனால் வெளியே தெரியாமலும் இருக்கும். அதனால் கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். உன் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவரைக் கொண்டுபோன அன்று உன் அப்பா எல்லார் முன்னாலும், "எங்க பரம்பரையில இப்படி ஒரு சாவு கிடையாது. வீட்ல சரியா பாத்திருந்தா என் புள்ள போயிருக்க மாட்டான்" என்றார். நீ அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. பொய்யும் சொல்ல மாட்டேன், டாக்டர் சொன்னதும் முதலில் அந்த வார்த்தைதான் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த நொடியே என் மகள், நம் வாத்து, ஞாபகத்துக்கு வந்தாள், மற்றதெல்லாம் போய்விட்டது.

பள்ளிக்கூட நீச்சல் அணியில் அவளைத்தான் இந்த வருடம் முதலில் இறக்குகிறார்கள். அடுத்த வாரம் அவளுக்குப் பரிசோதனை.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

லெட்டர் கிடைச்சுது. கொண்டாந்து குடுத்த ஆள் "என்ன, கோர்ட்டு நோட்டீஸா?"ன்னு கேட்டான். படிச்சப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

அன்னைக்கு அப்பா பேசினது தப்புன்னே வச்சுக்குவோம். புள்ளயப் பறிகொடுத்த மனுஷன், வாயில வந்ததைச் சொல்லிட்டாரு. அதை நீங்க இத்தனை மாசம் பத்திரமா வச்சிருந்து, டாக்டர் சீட்டோட சேத்து அனுப்புறீங்க. எங்க ரத்தத்துலதான் கோளாறுன்னு நிரூபிச்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது? அண்ணன் எந்திரிச்சு வந்துடுமா?

அப்படியே வந்திருந்தாலும் அது அம்மா வழியில வந்ததா இருக்கும். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணிக்குடத்தைத் தூக்கிட்டு வந்தா சுவத்தைப் பிடிச்சிட்டு நிக்கும். நாப்பது வயசைத் தாண்டல. அதுதான் போய்ச் சேந்தாச்சே, இனிமே யாரைப் பிடிச்சுக் குத்தம் சொல்றது? அப்பாவை இதுல இழுக்காதீங்க. இந்த வயசுலயும் மூணு மாடிக்கு ஏணி போட்டு, ஒரு கையில பெயிண்ட் டப்பா, ஒரு கையில பிரஷ்ஷுன்னு ஏறுறாரு. தலைவலின்னு ஒரு மாத்திரை போட்டு நான் பாத்ததில்ல.

நான் எந்த டெஸ்டுக்கும் போகல. இருக்குன்னு ஒரு பேப்பர் வந்தா அடுத்த நாளே வண்டியிலிருந்து எறக்கிடுவாங்க. ஒண்டிக்கட்டை நான். எனக்குப் புருஷன், புள்ள எல்லாம் அந்த வண்டிதான். அண்ணன் போனதுலேருந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற நேரத்துல மட்டும்தான் நான் மனுஷியா இருக்கேன். எறங்கிட்டா என்ன செய்யிறதுன்னே தெரியல. அதையும் பிடுங்கிட்டா?

வாத்துக்கு என்ன சொன்னாங்க? அதை மட்டும் எழுதுங்க. கோபமெல்லாம் உங்க மேலதான். அவ மேல இல்ல.


மார்ச் 20

ஹாரனுக்கு,

வாத்துக்கு இருக்கிறது.

உன் கடிதத்துக்குப் பதிலாக நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் இப்போது எதற்கு?

ரத்தத்தில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தசையும் தடிக்கத் தொடங்கியிருக்கிறது. அங்கே ஒரு மரபணு ஆலோசகர் இருக்கிறார், என் வயதுப் பெண். ஒரு தாளில் நம் குடும்பத்தை வரைந்து காட்டினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பாக அடைத்துவிடுகிறார்கள். உன் அண்ணனின் சதுரத்தைக் கறுப்பாக்கி அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு இறந்துவிட்டதற்கு. அதன் கீழே வாத்தின் வட்டம், அதுவும் கறுப்பு. பக்கத்தில் உனக்கு ஒரு வட்டம், நடுவில் கேள்விக்குறி. மேலே உன் அப்பா அம்மாவுக்கும் கேள்விக்குறிதான். என்னுடைய வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

போட்டியில் நீந்தக் கூடாது, வேகமாக ஓடக் கூடாது, தினமும் மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் சில பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, துடிப்பு தவறினால் தானாகச் சரிசெய்கிற ஒரு சின்னக் கருவியைத் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் வைக்கலாமா என்று முடிவு செய்வார்களாம். எல்லாவற்றையும் அமைதியாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து நீச்சல் கண்ணாடியை எடுத்துத் துடைத்து உறையில் போட்டாள். எங்கள் கண்ணாடிக் கடையில் அவள் பார்வைக்கு ஏற்ற லென்ஸைத் தேய்த்து நானே மாட்டிக் கொடுத்தது அது. "என் பவர் வேற யாருக்காவது இருக்குமாம்மா?" என்று கேட்டாள். கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

மாத்திரை போடும்போது இன்னொன்றும் கேட்டாள். "அப்பாவுக்கும் இதேதானே? அப்போ நானும் அப்படித்தான் போவேனா?"

அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது, உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் உன்னைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த பதில். நம்பினாளா என்று தெரியவில்லை.

உன்னைப் பற்றியும் கேட்டாள். "அத்தை பஸ் ஓட்டும்போது இப்படி ஆனா, பஸ்ஸுல இருக்கிறவங்க?" என்றாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் போய்ப் பரிசோதித்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணி,

வாத்து கேட்டதைப் படிச்ச மறுநாள் வண்டி எடுத்தேன். வழக்கமா ஏர்ற ஒரு புள்ளத்தாச்சி, எனக்கு நேர் பின்னாடி சீட்டுல வந்து உக்காந்துச்சு. கண்ணாடியில அது மூஞ்சியைப் பாக்குறப்பெல்லாம் வேகத்தைக் குறைச்சேன். டிரிப்பை முடிச்சதும் மேனேஜர்கிட்டப் போய் நானே சொல்லி, டெஸ்டு முடிவு வர்ற வரைக்கும் ஆபீஸ் வேலை வாங்கிக்கிட்டேன். அவரு என்னமோ நான் பஸ்ஸைத் திருடிட்டேன்னு சொன்ன மாதிரி பாத்தாரு.

நேத்து முடிவு வந்துச்சு. எனக்கு இல்லையாம் அண்ணி.

டெப்போவுக்கு வந்து, காலியா நின்ன என் வண்டியில ஏறி உக்காந்து அழுதேன். கண்டக்டர் ஓடி வந்து, "அக்கா, இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து வந்துடுச்சு, தைரியமா இருங்க"ன்னு தேத்துறான். எனக்கு ஒண்ணும் இல்லடான்னு சொன்னா, அப்புறம் எதுக்கு அழுவுறீங்கன்னு கேக்குறான். என்னத்தைச் சொல்ல? அண்ணனும் நானும் ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே சைக்கிள்ல போனோம். அம்மை வந்தப்பகூட ரெண்டு பேருக்கும் சேந்துதான் வந்துச்சு. இது மட்டும் அண்ணனைப் பிடிச்சுக்கிட்டு என்னை விட்டுடுச்சு. அதோட விட்டுச்சா, வாத்தையும் பிடிச்சிருக்கு. எனக்குப் பின்னாடி புள்ளயா குட்டியா? எனக்கு வந்திருந்தா என்னோட முடிஞ்சிருக்குமே.

அந்தக் கட்டம் போடுற அம்மாவை நானும் பாத்தேன். எங்க அம்மாவைப் பத்தி நோண்டி நோண்டிக் கேட்டாங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டி முட்டியா வீங்கினதை, அப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பிச்சதைச் சொன்னேன். அது வால்வு கெட்டுப்போற வேற நோயா இருக்கும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரித் தெரியலன்னாங்க. அப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. அவருக்கு இருந்தா அடுத்து சித்தப்பாவைப் பாக்கணும், அவரு பையனைப் பாக்கணும். அவன் கால்பந்து கிளப்புல சேந்து தினமும் மைதானத்துல கெடக்கிறான்.

அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்வேன்? அவருக்குன்னு வந்துட்டா, மகனைக் கொன்னது நான்தான்னு நெனைச்சுக்குவாரு. எப்படிச் சொல்றதுன்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும். உங்ககிட்டக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. இருந்தாலும் கேக்குறேன்.

ஹாரன்


மே 9

ஹாரனுக்கு,

உனக்கு இல்லை என்று படித்தவுடன் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு விலகிப் போனது என் பிள்ளைக்கு விலகியிருக்கக் கூடாதா என்று. ஒரு நிமிடம்தான், ஆனாலும் நினைத்தேன். வாத்து என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "அத்தை ஓட்டலாம்மா, அத்தை ஓட்டலாம்" என்று கட்டிலில் ஏறி நின்றாள். பிறகு ஞாபகம் வந்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். அவள் சந்தோஷப்படுவதைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

உனக்கு வந்திருந்தால் உன்னோடு முடிந்திருக்கும் என்று இனி எழுதாதே. உனக்கு வந்திருந்தாலும் இவளுக்கு வந்ததை அது தடுத்திருக்காது. பூவா தலையா என்றேனே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் விழுகிறது.

உன் அப்பாவிடம் சொல்ல ஒரு வழி கேட்டாய். என்னிடமே கேட்கிறாயே என்று சிரிப்புதான் வந்தது. அவர் வழியாகத்தான் வந்தது என்று அவருக்குத் தெரியும்போது அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்! துணி துவைக்கும்போது, கடையில் லென்ஸ் தேய்க்கும்போது எல்லாம் அதே நினைப்புதான். இப்போது அது நடக்கப்போகிறது என்றவுடன் அந்த முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று இருக்கிறது.

இப்படிச் சொல்லிப் பார். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு அப்பாவின் கிட்டப்பார்வை இருக்கும், அம்மாவின் மாறுகண் இருக்கும். எந்தப் பிள்ளையும் பெற்றவரைப் பார்த்து ஏன் கொடுத்தாய் என்று கேட்டதில்லை. பிள்ளைக்குத் தன் மூக்கைக் கொடுக்கும்போது இந்த நோயை மட்டும் தனியாக நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. தெரிந்திருந்தாலும் முடியாது, அவருக்கோ தெரியவே தெரியாது.

எப்படிச் சொன்னாலும் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பையன் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவர் மனது நோகுமே என்று நாம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கூட்டிக்கொண்டு போ.

அண்ணி


ஜூன் 30

அண்ணி,

அப்பாவுக்கு இருக்கு.

டெஸ்டுக்கு வரவே மாட்டேன்னாரு. உங்க பேத்திக்காகன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் சட்டையை மாட்டினாரு. ஸ்கேன்ல தசை லேசாத்தான் தடிச்சிருக்காம், இந்த வயசுக்கு மேல அவருக்குப் பெருசா பயமில்லன்னு சொன்னாங்க. அவரு அதெல்லாம் காதுல வாங்கல. டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"என்கிட்ட இத்தனை வருஷம் சும்மாதானே கெடந்துச்சு. அவன்கிட்டப் போய் ஏன் இப்படிப் பண்ணுச்சு?"

ஒரே கோளாறு ஒருத்தரை ஒண்ணும் செய்யாது, இன்னொருத்தரை விடாது, ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியலன்னு டாக்டர் சொன்னாரு. அப்பா தலையாட்டினாரு. வெளிய வந்து, மருந்துக்கடை வாசல்ல நின்னுட்டு, "எனக்குப் பதிலா அவன் செத்துட்டான்"னாரு. அப்படியெல்லாம் இல்லப்பான்னேன். நீங்க எழுதின மூக்குக் கதையை அப்படியே சொன்னேன். கேட்டுக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு அவரே போன் போட்டாரு. நான் பேசுறேன்னு சொல்லியும் குடுக்கல. சித்தப்பா முதல்ல திட்டினாரு. அப்புறம் ரெண்டு பேரும் டெஸ்டுக்குப் போனாங்க. அப்பனுக்கும் இருக்கு, பையனுக்கும் இருக்கு. பையனுக்குத் தசை நல்லாவே தடிச்சுப் போயிருக்காம். ஆட்டத்தை உடனே நிறுத்திட்டாங்க. அவன் உயிரைக் காப்பாத்தினது அப்பாவோட போன்தான். ஆனா அந்த வீட்ல இப்ப அப்பா போன் பண்ணா யாரும் எடுக்கிறதில்ல. எனக்கு உங்க நம்பர் ஞாபகம் வந்துச்சு அண்ணி.

ஏணி சுவத்துல சாத்தினது சாத்தினபடி நிக்குது. ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல, அவராத்தான் போகல. உங்க வீட்டுக்கு வரணுங்கிறாரு. உள்ள வரமாட்டாராம், வாசல்லயே நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிடுவாராம். நீங்க வேணாம்னா வேணாம்தான். நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ஹாரன்


ஜூலை 5

ஹாரனுக்கு,

வாத்துக்குக் கருவி வைக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள், ஆகஸ்ட் இரண்டாம் வாரம். வருவதானால் அதற்கு முன்னால் வரச் சொல்.

அவர் சொன்ன வார்த்தை எனக்குள் அப்படியேதான் இருக்கிறது. சோதனை முடிவு வந்ததால் அது கரையவில்லை. வந்தவரை வா என்று கேட்பேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணி


ஜூலை 24

ஹாரனுக்கு,

உனக்கு டியூட்டி இருந்ததால் அவர் தனியாகத்தான் வந்தார். நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

கதவைத் திறந்தேன். சலவைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத பழைய பெயிண்ட். நிறைய இளைத்துவிட்டார். வாங்க என்றேன். அவர் வாசலிலேயே நின்று, "அன்னைக்கு நான்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. நானும் உதவி செய்யவில்லை. அவரே சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன்.

அதற்குள் வாத்து வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஏன் தாத்தா எனக்குக் கொடுத்தீங்க என்று கேட்டால் இந்த மனிதர் தாங்க மாட்டாரே என்று, நான், நானே, பயந்தேன்.

அவள் கேட்டது வேறு. "தாத்தா, ஏணி ஏர்றப்ப உங்களுக்குப் படபடன்னு அடிக்குமா?" என்றாள். இல்லை என்றார். மயக்கம் வருமா? வந்ததில்லை. சின்ன வயசில் ஓடியிருக்கீங்களா? ஓடியிருக்கேன். கடைசியில், "உங்களுக்கு இப்போ என்ன வயசு?" என்று கேட்டாள்.

"அறுபத்தெட்டு" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"அப்போ அறுபத்தெட்டு வரைக்கும் போகலாம்" என்றாள் வாத்து.

உன் அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இத்தனை மாதமாக அந்தப் பிள்ளைக்கு இந்த நோய் என்றால் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்ட அப்பா மட்டும்தான் தெரிந்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிற ஒருவரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

புறப்படும்போது என் முன்னால் வந்து நின்றார். "நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்க முடியுமான்னு தெரியல" என்றார். முடியாது மாமா என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன். இரண்டும் உண்மைதான். சாப்பிட்டார். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. தட்டு வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் போன பிறகு வாத்து ஒன்று கேட்டாள். அறுவைச் சிகிச்சை அன்று மயக்க மருந்து கொடுக்கும் வரை உள்ளே ஒருவர் கூட இருக்கலாமாம். தாத்தா இருக்கட்டும் என்றாள். நான் இருக்கிறேனே என்றேன். என் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள், "உனக்குத்தான் இது இல்லையேம்மா."

அன்று அந்தத் தாளில் என் வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து எவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டேன் தெரியுமா? என் பக்கத்திலிருந்து வரவில்லை, என் குற்றம் எதுவும் இல்லை என்று. அவள் இப்படிச் சொன்னபோது, எனக்கும் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவரிடம் சொல்லிவிட்டேன், வருகிறார். நீயும் லீவு போட்டுவிட்டு வா. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கட்டும். வெளியே பெஞ்சில், இந்த நோய் இல்லாதவர்கள் நாம் இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம்.

அண்ணி